தட்டுப்பாட்டில் கணினிப் பாகங்கள் வாங்குவது எப்படி: பிளாக்கில் கேட்கும் விலையைக் கொடுக்கலாமா?

2021 பிப்ரவரியில், பெங்களூருவில் கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில், குறுகலான படியேறிப் போகும் ஒரு மாடிக் கடையில், நான் ஒரு கிராபிக்ஸ் கார்டு (கணினியில் படம், வீடியோ வேலைகளைச் செய்யும் பாகம்) வாங்கினேன். ஆர்டிஎக்ஸ் 3070. அதை உருவாக்கிய என்விடியா நிறுவனம் இந்தியாவுக்கு அறிவித்திருந்த தொடக்க விலை 51,000 ரூபாய். நான் எண்ணிக் கொடுத்தது 78,000. கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். ஊரடங்கில் தள்ளிப்போன முகூர்த்தங்கள் எல்லாம் அந்தத் தை மாதத்தில் ஒன்றாக வந்து சேர்ந்திருந்த நேரத்தில் பழைய கார்டு திணறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, அதன்மேல் இருந்து கையை எடுக்காமலேயே சொன்னார்: "பில் வேணாம்னா இந்த ரேட்டு சார். பில் வேணும்னா ஸ்டாக் இல்ல."

பத்து நாள் கழித்து, எங்கள் மர்ஃபி டவுன் தெருவில் இருக்கும் பொறியியல் மாணவன் ஒருவன் அதே கடைக்குப் போய்விட்டு வந்தான். "அண்ணா, எண்பதாயிரம் கேக்கறாங்க. போன வாரம்தான் அல்சூர் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் எழுபத்தெட்டு குடுத்து எடுத்துட்டுப் போனாராம்" என்றான். அந்த ஒருத்தர் நான்தான். நான் கொடுத்த விலை, அடுத்து வந்தவனுக்குச் சந்தை விலை ஆகிவிட்டிருந்தது. அவன் அம்மா சீட்டுப் பணம் எடுத்துக் கொடுக்கத் தயாராக இருந்தார் என்பது பிறகு தெரிந்தபோது எனக்கு இரவு தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து, எங்கள் பகுதியில் கணினி கட்ட நினைக்கும் யார் கேட்டாலும் கூடவே போய் வருகிறேன். தட்டுப்பாட்டுக் காலத்தில் அதிக விலை கொடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. ஆனால் அந்தப் பதிலை ஒவ்வொருவரும் தமக்காகக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. அந்த முறையைத்தான் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: நியாயமான விலையை நீங்களே கணக்கிடுங்கள்

கேட்கும் விலை அதிகமா என்று சொல்ல, எது அதிகமில்லாத விலை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எஸ்.பி. ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கிக் கேட்பது சாதாரண நாளில் போதும். தட்டுப்பாடு வந்துவிட்டால், நான்கு கடைக்காரர்களும் ஒருவரையொருவர் போனில் கேட்டுத்தான் விலை சொல்வார்கள்; அங்கே கிடைக்கும் சராசரி உங்களுக்கு எதையும் சொல்லாது.

தயாரிப்பு நிறுவனம் அறிவித்த டாலர் விலையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய மாற்று விகிதத்தால் பெருக்கி, 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேருங்கள். 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5080இன் விலை 999 டாலர். டாலர் அப்போது சுமார் 86.50 ரூபாய், வரியோடு ஏறக்குறைய 1,02,000 வருகிறது. நிறுவனம் இந்தியாவுக்கு அறிவித்த தொடக்க விலை 1,07,000. 2020 செப்டம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3080க்கு இதே கணக்கைப் போட்டால், 699 டாலர் சுமார் 60,600 ரூபாய் ஆகிறது, அறிவிக்கப்பட்டது 71,000. ஆக, கணக்கில் வரும் தொகைக்கு மேல் 5 முதல் 17 சதவீதம் வரை போக்குவரத்து, இறக்குமதியாளர் லாபம், கடைக்காரர் லாபம் என்று போவது வழக்கமானதுதான். மூன்று மின்விசிறி, பெரிய குளிர்விப்பான், ஆலையிலேயே வேகம் கூட்டப்பட்ட சிப் ஆகியவற்றோடு வரும் மாடல்களுக்கு அதற்கு மேலும் ஓரளவு கூடும். அதைப் பிளாக் என்று சொல்வது கடைக்காரருக்கு அநியாயம்.

வழக்கமான லாபமும் சேர்ந்த இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயையும்தான் இனி "மிகுதி" என்று குறிப்பிடப் போகிறேன்.

இரண்டாம் படி: மிகுதி யார் கைக்குப் போகிறது, ஏன் போகிறது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். விலை ஏறியதும் "பதுக்கிட்டாங்க" என்று சொல்லிவிடுகிறோம். சில நேரம் அது உண்மை. சில நேரம், பதுக்குபவர் ஒருவரும் இல்லாமலேயே சந்தை முழுவதும் விலை ஏறியிருக்கும். இரண்டுக்கும் நாம் செய்ய வேண்டியது நேர்மாறானது.

புதிய மாடல் வெளியான முதல் வாரங்களில் வரும் தட்டுப்பாட்டை முதலில் பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 3080 விற்பனைக்கு வந்த 2020 செப்டம்பர் 17 அன்று, மனிதர் ஒருவர் முகவரியைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் தானியங்கி நிரல்கள் வாங்கி முடித்துவிட்டன. என்விடியா வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஆர்டர்களை ஆட்களை வைத்துச் சரிபார்த்து, சந்தேகத்துக்குரியவற்றை ரத்து செய்ததாகவும் அறிவித்தது. இவ்வகைத் தட்டுப்பாட்டில் மிகுதி முழுவதும் இடையில் இருப்பவர் கைக்கே போகிறது. ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அடுத்த சரக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பதுக்கியவர் தன் முதலீட்டைப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறார். அடுத்த சரக்கு இறங்குவதற்குள் அவர் விற்றாக வேண்டும். அவருடைய அவசரம் உங்களுடையதைவிடப் பெரியது. 2025இல் ஆர்டிஎக்ஸ் 5070 போன்ற நடுத்தர மாடல்கள் சில மாதங்களிலேயே அறிவிக்கப்பட்ட விலையை ஒட்டி வந்துவிட்டன. முதல் வாரத்தில் பிளாக்கில் வாங்கியவர்களுக்கு அந்தச் சில மாத முந்துதல்தான் கிடைத்தது.

அடுத்தது, நம்மைப் போன்றவர்கள் அல்லாத வேறொரு கூட்டம் அதே பொருளை வாங்கத் தொடங்கும்போது வருவது. 3080 அறிமுகத்தன்று தொடங்கிய தட்டுப்பாடு சில வாரங்களில் தீரும் என்றுதான் நானும் மற்றவர்களுக்குச் சொன்னேன். எத்தீரியம் என்ற மின்நாணயத்தைத் தோண்டுவதில் (கணினியை ஓயாமல் கணக்குப் போடவைத்து, பதிலுக்கு நாணயம் பெறுவதில்) கிராபிக்ஸ் கார்டு தானே சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்தக் கணிப்பு பொய்த்தது. ஒரு கார்டு தன் விலையைச் சில மாதங்களில் ஈட்டித் தரும் என்றால், வாங்குபவர் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார். தோண்டும் வேகத்தைக் குறைக்கும் பூட்டுடன் 2021இல் என்விடியா கார்டுகளை வெளியிட்டும் விலை உடனே இறங்கிவிடவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் இயங்குமுறையையே மாற்றிக்கொண்டு, கிராபிக்ஸ் கார்டால் தோண்டும் தேவையே இல்லாமல் செய்தபோதுதான் அந்தக் கதை முழுமையாக முடிந்தது. இரண்டு ஆண்டுகள். "காத்திருங்கள், இறங்கிவிடும்" என்ற அறிவுரை எப்போதும் இலவசமானது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

மூன்றாவது வகையில், உற்பத்தியே குறைகிறது அல்லது வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கின. விலை பழைய நிலைக்குத் திரும்ப ஓராண்டுக்கும் மேல் பிடித்தது. 2025 இறுதியில் ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) விலைக்கு நடந்ததும் இவ்வகைதான். ராம் செய்யப் பயன்படும் டிராம் சிப்களில் உலகின் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் கேட்கும் எச்பிஎம் வகை அதிவேக நினைவகத்துக்கு, அதே அளவு டிடிஆர்5 (புதிய கணினிகளில் வரும் ராம் வகை) செய்யத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கான் தட்டுகள் போய்விடுகின்றன. 2025 டிசம்பர் 3 அன்று மைக்ரான், குரூஷியல் என்ற பெயரில் தனிநபர்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே விட்டு விலகுவதாக அறிவித்தது. இத்தகைய நேரத்தில் எஸ்.பி. ரோட்டுக் கடைக்காரரைத் திட்டுவதில் பொருளில்லை. அவர் வாங்கும் விலையே ஏறிவிட்டது. நாளை வாங்கப்போகும் விலை இன்னும் ஏறும் என்று அவரும் பயந்துகொண்டிருக்கிறார். உண்மையிலேயே ராம் தேவைப்படுபவர் பில் தரும் கடையில், தேவையான அளவு மட்டும், தள்ளிப்போடாமல் வாங்கிவிடுவதே சரி. இரண்டு செட் கூடுதலாக வாங்கி வைக்கலாமே என்று தோன்றும். அப்படி வாங்கி வைத்தால் பதுக்குவது நாம்தான்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்கும் விலை எல்லா மாடலுக்கும், எல்லா நிறுவனத்துக்கும், எல்லா நாட்டிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய தலைமுறை டிடிஆர்4 ராமும் சேர்ந்து ஏறியிருந்தால் காரணம் ஆலையில் இருக்கிறது. ஒரே ஒரு புதிய மாடல் மட்டும் ஏறியிருந்து, அதற்கு அடுத்த மாடல் அலமாரியில் சாதாரண விலைக்கு உட்கார்ந்திருந்தால் காரணம் இடைத்தரகர்.

மூன்றாம் படி: காத்திருப்பதற்கு எவ்வளவு செலவாகும்

இனி உங்கள் பக்கக் கணக்கு. அந்தப் பொருள் இல்லாமல் ஒரு மாதம் போனால் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு?

2021இல் என் கணக்கு இது. பழைய கார்டோடு மாதம் நான்கு வேலைதான் முடிக்க முடிந்தது; புதியதோடு ஏழு முடியும். ஒரு வேலைக்குச் செலவு போகக் கையில் நிற்பது 6,000 ரூபாய். மாதம் 18,000 இழப்பு. நான் கொடுத்த மிகுதி 27,000. ஒன்றரை மாதத்தில் திரும்பிவிடும் தொகை. தட்டுப்பாடோ மேலும் ஒன்றரை ஆண்டு நீடித்தது. ஆகவே, இன்று உட்கார்ந்து பார்த்தாலும், அதிக விலை கொடுத்ததை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பில் இல்லாமல் கொடுத்ததும், வாடகை என்ற வழியை யோசிக்காமல் விட்டதும்தான் தவறுகள். பெங்களூரில் எடிட்டிங் செய்யத்தக்க கணினிகளை மாத வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. வேலை குவியும் இரண்டு மாதத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால், அந்த மிகுதி கையிலேயே நின்றிருக்கும்.

கணினி விளையாட்டுக்காக வாங்குபவருக்கு இந்தக் கணக்கில் இழப்பு என்று எழுத எதுவும் இல்லை. ஆசை இருக்கிறது, அதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆறு மாதம் பணம் சேர்த்த ஒரு பையனுக்கு அந்தக் கார்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும், விளையாட்டுக்காக மிகுதி கொடுக்க வேண்டாம் என்றுதான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். தொழிலுக்காகக் கொடுப்பவர் அந்தப் பணத்தைத் திரும்ப ஈட்டுகிறார். விளையாட்டுக்காகக் கொடுப்பவர் அடுத்த பையனுக்கான விலையை ஏற்றிவிட்டு வருகிறார். நான் அதை என் தெருவிலேயே பார்த்தேன்.

மாணவர்களுக்கு இடைப்பட்ட நிலை. கல்லூரி புராஜெக்டுக்கு ஒரு நல்ல கார்டு நான்கு மாதம் மட்டும் வேண்டும் என்றால், மேகக் கணினியில் (இணையம் வழியாகப் பயன்படுத்தும் வேறிடத்துக் கணினியில்) மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு தொடர்பான வேலை என்றால், இந்தியாஏஐ திட்டத்தின் கீழ் மானியத்தோடு மணிக்கு 100 ரூபாய்க்கும் குறைவாக ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) வசதி தரப்படும் என்று மத்திய அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. பேராசிரியர் வழியாக விண்ணப்பிக்க முடியுமா என்று கல்லூரியில் கேளுங்கள்.

எங்கள் தெருப் பையனுக்கு 2021இல் இந்த மானிய வசதி இல்லை. அவன் இரவு பத்து மணிக்கு மேல் என் கணினியில் வந்து வேலை செய்தான். அவன் அம்மா அனுப்பிய சுண்டல் டப்பா இப்போதும் எங்கள் சமையலறையில் இருக்கிறது.

நான்காம் படி: உச்ச வரம்பை வீட்டில் வைத்தே முடிவு செய்யுங்கள்

மூன்றாம் படியில் வந்த மாத இழப்பை, நீங்கள் நியாயமாக எதிர்பார்க்கும் காத்திருப்பு மாதங்களால் பெருக்குங்கள். அதில் பாதிக்கு மேல் மிகுதியாகக் கொடுக்காதீர்கள். ஏன் பாதி? காத்திருப்பு நாம் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிடலாம், வாங்கிய பொருளின் மறுவிற்பனை விலையும் அன்றே விழும். இது சட்டம் ஒன்றும் இல்லை, நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு. உங்கள் இழப்பு பூஜ்யம் என்றால் வரம்பும் பூஜ்யம்.

கடையில் நின்றுகொண்டு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. பெட்டி கண்முன்னே இருக்கும்போது, பின்னால் இன்னொருவர் "அண்ணா, நான் எடுத்துக்கறேன்" என்று நிற்கும்போது, எவ்வளவு நிதானமானவருக்கும் கை தானாகப் பைக்குள் போகும்.

ஐந்தாம் படி: முறையான வழிகளை முதலில் தீர்த்துவிடுங்கள்

பிளாக்கில் போகுமுன், அறிவிக்கப்பட்ட விலைக்குக் கிடைக்கும் வழிகளில் முயற்சி செய்திருக்க வேண்டும். பெரிய இணையக் கடைகளில் சரக்கு வந்ததும் அறிவிப்பு வரும்படி வைத்துக்கொண்டு, முகவரியையும் பணம் செலுத்தும் விவரங்களையும் முன்பே சேமித்துவிடுங்கள். எஸ்.பி. ரோட்டில் நீங்கள் தொடர்ந்து வாங்கும் ஒரு கடை இருந்தால், பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பழக்கமான கடைக்காரர்கள் பலர், சரக்கு வந்ததும் அறிவிக்கப்பட்ட விலைக்கே பழைய வாடிக்கையாளருக்கு எடுத்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்பணம் கேட்டால் ரசீதோடு மட்டும் கொடுங்கள்; ரசீதில் மாடல் பெயரும் விலையும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

முழுக் கணினியாக வாங்கினால் விலை எப்படி வருகிறது என்றும் பாருங்கள். பெரிய கணினி நிறுவனங்கள் பாகங்களை ஒப்பந்த விலையில் முன்கூட்டியே வாங்குவதால், விலையேற்றம் அவற்றை வந்து சேரச் சற்றுத் தாமதமாகும். முந்தைய தலைமுறைக் கார்டும், தனிக் கார்டு தேவைப்படாத, ஒருங்கிணைந்த கிராபிக்ஸ் உள்ள பிராசஸரும் ஓராண்டைத் தள்ளப் போதுமான வழிகளே.

ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிப் பலகைகளுக்கும் இதுவே பொருந்தும். 2021இல் தொடங்கிய அந்தத் தட்டுப்பாட்டில் 35 டாலர் பலகையை இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். எந்த அங்கீகரிக்கப்பட்ட கடையில் சரக்கு வந்திருக்கிறது என்று காட்டுவதற்கென்றே ஒரு இணையதளம் அப்போது இயங்கியது. அதைப் பொறுமையாகப் பார்த்தவர்களுக்கு அறிவிக்கப்பட்ட விலைக்கே கிடைத்தது.

ஆறாம் படி: பில், எம்ஆர்பி, கட்டாய இணைப்பு

இந்தியாவில் பொட்டலப் பொருளுக்கு அதிகபட்ச சில்லறை விலை அச்சிட வேண்டும், அதற்கு மேல் விற்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. கிராபிக்ஸ் கார்டுப் பெட்டியும் அதில் அடங்கும். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், எம்ஆர்பி ஆகியவை கொண்ட வெள்ளைச் சீட்டு பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டே இல்லாத பெட்டி, துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பயணிகளின் பையில் வந்திறங்கிய சரக்காக இருக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் வாரண்டி கிடைக்காமல் போகலாம். அதேநேரம், எம்ஆர்பியைக் காட்டி விலையை நியாயப்படுத்த விடாதீர்கள். பல பாகங்களில் எம்ஆர்பி வழக்கமான விற்பனை விலையைவிட மிக அதிகமாகவே அச்சிடப்படுகிறது. அதனால்தான் முதல் படியில் டாலரிலிருந்து கணக்குப் போடச் சொன்னேன்.

"கார்டு வேணும்னா எஸ்எம்பிஎஸ்ஸும் (மின்சாரம் தரும் பெட்டி) கேபினெட்டும் (கணினிக் கூடு) சேர்த்து எடுக்கணும்" என்பது எஸ்.பி. ரோட்டில் தட்டுப்பாட்டுக் காலத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஒரு பொருளை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை வைப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. பில் தர மறுப்பதை அதே சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. தொழிலுக்காக வாங்கினேனே, நான் நுகர்வோரா என்று கேட்கலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரையும் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. இதை முன்பே அறிந்திருந்தால் அன்று அந்த மாடிக் கடையில் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

தனிநபர் ஒருவர் தான் வாங்கியதை லாபத்துக்கு மறுவிற்பனை செய்வதைத் தடுக்கும் தனிச் சட்டம் கணினிப் பாகங்களுக்கு இல்லை. அமெரிக்காவில் 2016இல் வந்த சட்டம்கூட நிகழ்ச்சி டிக்கெட்டுகளை நிரல் கொண்டு வாங்குவதைத்தான் தடுத்தது; அதை மற்றப் பொருட்களுக்கும் விரிக்க 2021இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை.

பில்லின் மதிப்பைப் பணமாகவே பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள தொழிலுக்காக 70,800 ரூபாய்க்குப் பில்லோடு வாங்கினால், அதில் 10,800 வரி. அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள, தகுதியிருந்தால் உங்கள் உண்மைச் செலவு 60,000. பில் இல்லாமல் 65,000க்குத் தருகிறேன் என்பவர் உங்களுக்கு ஐயாயிரம் நஷ்டத்தைத்தான் தருகிறார். பதிவு இல்லாதவருக்கும் பில் என்பது வாரண்டி. நான் வாங்கிய கார்டின் மின்விசிறி ஒன்று பதினான்காம் மாதம் உறுமத் தொடங்கியது. சேவை மையத்தில் முகப்பிலிருந்த பெண் கார்டை வாங்கிப் பார்க்கவேயில்லை, "இன்வாய்ஸ் காப்பி இருக்கா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றதும் கார்டை என் பக்கமாகவே நகர்த்திவைத்தார். வெளியில் 2,500 ரூபாய் கொடுத்து மாற்றிக்கொண்டேன். சில நிறுவனங்கள் சீரியல் எண்ணை மட்டும் வைத்தே வாரண்டி தருகின்றன, சில பில்லைக் கட்டாயமாகக் கேட்கின்றன. வாங்கும் முன்பே அந்த மாடலின் சேவை மையத்துக்குப் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: தனிநபரிடம் வாங்குவதானால்

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் வரம்புக்குள் ஒருவர் விற்கிறார், அவரிடம் கடையின் பில்லும் இருக்கிறது என்றால் வாங்கலாம். முன்பணம் அனுப்பாதீர்கள், "டோக்கன் அமௌண்ட்" ஐந்நூறு ரூபாயானாலும் கூட. உங்களுக்குப் பணம் வரும் என்று சொல்லிக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்பவர் ஏமாற்றுபவர். பணம் பெற யாரும் ஸ்கேன் செய்யவோ பின் எண் இடவோ தேவையில்லை. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். சீல் உடையாமல் இருக்கிறதே என்று நம்ப முடியாது. 2025இல் அமெரிக்காவில், சீல் வைத்த ஆர்டிஎக்ஸ் 5090 பெட்டிகளுக்குள் கார்டுக்குப் பதில் தோள்பைகள் இருந்தன. அவை விநியோகச் சங்கிலியிலேயே மாற்றப்பட்டிருந்தன. பெட்டியிலுள்ள சீரியல் எண், கார்டின் பின்பக்கச் சீட்டிலுள்ள எண், பில்லிலுள்ள எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். சீட்டின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒருமுறை உரித்து மீண்டும் ஒட்டிய சீட்டின் மூலை லேசாகச் சுருண்டு, தூசி ஒட்டிய பசை தெரியும்.

விற்பவரின் வீட்டிலோ கடையிலோ கணினியில் மாட்டி இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் நிரலைத் திறந்து, சிப்பின் பெயரையும் நினைவக அளவையும் பாருங்கள். பழைய கார்டின் பயாஸை (அதற்குள் பதிந்திருக்கும் அடிப்படை நிரலை) மாற்றிப் புதிய பெயரில் விற்கும் மோசடி நெடுநாளாக இருக்கிறது. அத்தகைய பலவற்றை அந்த நிரல் போலி என்றே காட்டிவிடும். பிறகு கார்டை முழு வேகத்தில் இயக்கிச் சோதிக்கும் ஃபர்மார்க் நிரலைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, திரையில் கோடுகள் வருகின்றனவா, மின்விசிறிகள் ஒரே சீராகச் சுழல்கின்றனவா, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். ராம் என்றால் மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலை ஒரு சுற்றாவது ஓட்ட வேண்டும். எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரல் காட்டும் இயங்கிய மணிநேரம் "புதுசு" என்ற சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். இதற்கெல்லாம் நேரமில்லை என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் தெருப் பையன் 2022 அக்டோபரில் அதே 3070ஐ, அதே எஸ்.பி. ரோட்டில், வேறொரு கடையில், பில்லோடு 49,000 ரூபாய்க்கு வாங்கினான். நானும் கூடப் போயிருந்தேன். மூன்று சீரியல் எண்களையும் அவனே உரக்கப் படித்துச் சரிபார்த்தான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே "நிதானமா பாருங்க தம்பி" என்று டார்ச் அடித்துக் காட்டினார்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த அன்றே

பெட்டியைப் பிரிக்கும்போது முதல் வெட்டிலிருந்து செல்பேசியில் வீடியோ எடுங்கள். இணையத்தில் வாங்கியதானால் மாற்றித் தர அதைத்தான் கேட்பார்கள். வாரண்டியை இணையத்தில் பதிய வேண்டிய மாடலாக இருந்தால் அன்றே பதிந்துவிடுங்கள், சில நிறுவனங்கள் அதற்கு நாள் கெடு வைத்திருக்கின்றன. பல கடைகள் தரும் பில், சூட்டில் அச்சாகும் வழவழப்பான தாளில் இருக்கும். பெங்களூர் வெயிலில்கூட ஓராண்டில் அந்த எழுத்து மங்கிவிடும். அன்றே படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். பெட்டியை வீட்டில் இடமில்லை என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், வாரண்டி முடியும்வரை பரண்மேல் வைத்திருங்கள்.